மலைநாட்டுப் பெற்றோரும் உபாத்தியாயரும்

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்தினின்று ஏறும் சாலையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பல ஆண்டுகளுக்கு முன், நமது கலாசாலையை விட்டு நீங்கிய புதிதில், அவ்வளைவுகளைக் கடந்து மேலேயுள்ள நாடுகளுள் ஒன்றிற்கு உபாத்தியாயனாகச் சென்றேன். யான் சேர்ந்த பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா; சொல்லப் புகுந்த குற்றம் என்னுடையதேயன்றிப் பள்ளியினுடையதன்று.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கணக்கிற் கூரிய அறிவினள். பள்ளி விடுதியிலேயே தங்கிப் படித்தவள் தீபாவளி விடுமுறைக்கு வீடு சென்று, பள்ளி திறந்து பத்தொன்பது நாள் கழித்தே திரும்பினாள். அவள் தகப்பனாரை வரச்சொல்லி ஆளனுப்பினேன். மூன்றாம் நாள் வந்தார். நான்கு மைல் நடந்து வந்தவர். காலில் சேறு உலரவில்லை. யான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன், அவர் நின்றிருந்தார். மேசைமேல் வருகைப் பதிவேட்டை விரித்து, வராத நாட்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பெண் கல்வியின் அருமையையும், சட்டம் கூறுவதையும், அவள் இழந்த பாடங்களையும் எடுத்துரைத்தேன். பெண்ணின் வாழ்வைக் கெடுப்பவர் நீரே என்றும் கூறினேன். உடன் பணியாற்றுவோர் இருவரும், பெரிய வகுப்புப் பையன்கள் சிலரும் கேட்டுக்கொண்டு நின்றனர். அம்மனிதர் இறுதிவரை வாய் திறவாதிருந்து, "வாத்தியாரே, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். புள்ளையைக் கூப்பிடுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார். அன்று மாலையே தகரப்பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மகளை அழைத்துச் சென்றார். அவள் பின்னர் வரவேயில்லை.

இரண்டு திங்கள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அவள் தாய் பிள்ளை பெற்றுப் படுக்கையிற் கிடந்தாள். பாட்டிக்குக் கண் தெரியாது. தகப்பனாரோ காப்பிப்பழம் பறிக்கக் கூலிக்குச் சென்றிருந்தார். பத்தொன்பது நாளும் அவ்வீட்டில் உலை வைத்தவள் அச்சிறுமியே. யான் கூறியவற்றுள் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் "ஏன் வரவில்லை?" என்னும் ஒரு வினாவை மட்டும் யான் கேட்கவில்லை.

ஆசிரியர் கூடும் அறைகளில் 'தொல்லை தரும் பெற்றோர்' என்றொரு வகுப்பாரைப் பற்றி அடிக்கடி பேச்சு எழுவதுண்டு. அழைத்தால் வாராதவர், அழையாமல் வருபவர், குடித்துவிட்டு வருபவர், சந்தை நாளில் பிள்ளையைக் கேட்டுப் பள்ளி வாயிலில் சச்சரவிடுபவர், சான்றிதழைக் கேட்டு நாள்தோறும் நிற்பவர், வகுப்பில் நடந்ததைப் பாதி கேட்டுக்கொண்டு முழுக்கோபத்துடன் வருபவர். இவ்வகுப்பில் அன்று யான் அச்சிறுமியின் தந்தையையும் சேர்த்து எண்ணினேன். இன்று எண்ணிப் பார்க்குங்கால், அன்று அவ்வறையில் தொல்லை தந்தவர் அவரல்லர். பெற்றோர் ஒருவர் நம்மோடு முரண்படும்போது அம்முரணுள் பெரும்பாலும் ஓர் உண்மை ஒளிந்து கிடக்கின்றது. அதனைத் தேடியெடுத்து முதலில் நாமே வாய்விட்டு ஒப்புக்கொண்ட பின்னரே நம்முடைய உண்மைக்கு அவர் செவியில் இடம் கிடைக்கும் என்பது எனது துணிபு. இதனை விளக்கவே இக்கட்டுரை எழுதுகின்றேன்.

நம் முன்னோர் இதனைப் பற்றி யாது கூறினர் என்று பார்த்தால், நன்னூலார் தம் பாயிரத்தில் ஆசிரியனது இலக்கணத்தையும், மாணாக்கனது இலக்கணத்தையும், பாடஞ் சொல்லும் முறையையும், கேட்கும் முறையையும் விரித்துரைக்கின்றார். பெற்றோரை எவ்வாறு நடத்துவதென்பதற்கு அங்கே ஒரு சூத்திரமும் இல்லை. அக்காலத்து ஆசிரியர் அக்கலையை அறியாதவரல்லர். அது நூலில் எழுதவேண்டாத அளவிற்குத் தெருவிலேயே இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவ்வூரிலேயே குடியிருந்தார். பெற்றோர் அளந்த நெல்லும் அவர் கொடுத்த காசுமே அவருக்குச் சம்பளம். பிள்ளை வராவிட்டால் சட்டாம்பிள்ளை வீட்டுக்கே போய் நின்றான். அப்பள்ளியின் பிரம்பையும் மனப்பாடத்தையும் யான் புகழவில்லை. எனினும் அவ்வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு அடுப்பும் தெரிந்திருந்தது. இன்றோ நம்மிற் பலர் சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ குடியிருந்து, காலைப் பேருந்தில் ஏறி, மாலைப் பேருந்தில் இறங்குகின்றோம். மலையில் நாம் காண்பது பள்ளியும் பேருந்து நிறுத்தமுமே.

இனி, பெற்றோருக்கும் பள்ளிக்கும் நேர்ந்த பிணக்கில் கொல்லிமலையிலேயே ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. 1913 ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயர் ஈவ்லின் அம்மையாரைச் சேந்தமங்கலத்தில் மணந்து, மலைமேற் குடியேறினார். மருந்து கொடுத்தனர், பள்ளி வைத்தனர், தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தனர். நரம்புச்சிலந்தி நோயால் வருந்தியவர்களின் புண்ணைக் கழுவிப் புழுவை மெல்ல இழுத்தெடுப்பதிலும், அந்நோய் பரவாதபடி கிணறுகளைத் திருத்துவதிலும் பிராண்டு பல நாட்களைச் செலவிட்டார். ஆயினும் மருந்துக்கு வந்த மக்கள் பிள்ளைகளை அவர்கள் வசம் விட நெடுங்காலம் அஞ்சினர். பூசாரியார் ஒருவர் அவர்களை நெருங்கலாகாது என்று ஊராரைத் தடுத்துவந்தார். 1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையிலும் ஏறிற்று. வீட்டுக்கு வீடு பிணம் விழ, ஊரார் ஒருவரையொருவர் அணுக அஞ்சிய வேளையில், அத்தம்பதியர் கஞ்சிப் பானையுடன் ஊர்ஊராகச் சென்றனர். அப்பூசாரியாரும் நோய்ப்பட்டார். அவர் வீட்டிற்கும் அவர்களே சென்றனர். இறக்குந் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையாகிய பெண்மகவை வளர்க்குமாறு அவர்களிடமே ஒப்புவித்தார் என்று அவர்கள் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

இந்நிகழ்ச்சியைப் பகைவர் ஒருவர் பணிந்த கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பூசாரியாருடைய அச்சம் அறியாமையன்று. வந்தவர்கள் தம் மக்களுடைய வழிபாட்டையும் வழக்கங்களையும் மாற்றக் கருதியே வந்தனர் என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார். அதில் அவர் பிழை செய்யவில்லை. பின்னர் மாறியது அம்மனிதர்களைப் பற்றிய அவர் கணிப்பே. தம் வீட்டு வாசற்படியை யாரும் மிதியாத நாளில் மிதித்தவர் யார் என்பதை அவர் பார்த்தார். குழந்தையை ஒப்புவிக்க அது போதியதாயிற்று. பெற்றோரின் நட்பைப் பெறுவதற்கு நாம் ஒரு கொள்ளைநோயை எதிர்பார்த்திருக்க இயலாது. ஆனால் ஒரு பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தபோது வீடு சென்று விசாரிப்பதற்குக் கொள்ளைநோய் வேண்டுவதில்லை. ஜெஸ்ஸி பிராண்டு 1929 இல் காய்ச்சலால் மலைமேலேயே இறந்தார். அம்மையார் முதுமையிலும் மட்டக்குதிரைமேல் ஏறி மலைதோறுஞ் சென்று பணி செய்து 1974 இல் மறைந்தார். இருவரையும் அடக்கஞ் செய்த இடம் கொல்லிமலையே.

இன்று மலைநாட்டுப் பெற்றோர் பள்ளியைக் கண்டு அஞ்சுவது மதத்தின் பொருட்டன்று. பசியின் பொருட்டும் பெரும்பாலும் அன்று. 1956 இல் காமராசர் காலத்திற் பரவிய மதிய உணவும், 1982 இல் விரிந்த சத்துணவும், 2022 இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் பிள்ளையைப் பட்டினியின் காரணமாக வீட்டில் நிறுத்தும் நிலையைப் பெரிதும் மாற்றிவிட்டன. எஞ்சி நிற்கும் அச்சம் வேறு. பள்ளி பிள்ளையைப் பிரித்துவிடும் என்பதே அது. "படிச்ச பையன் மலையில தங்கறதில்லைங்க" என்று ஒரு முதியவர் என்னிடம் கூறினார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கின்றான். திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ இறங்குகின்றான். ஏர் பிடிக்க நாணுகின்றான். சாமைக்கும் திணைக்கும் வேற்றுமை அறியான். கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டது. அச்சிறுதானிய வகைகளைக் காப்பதற்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றோர் அங்கே பல ஆண்டு உழைக்க வேண்டியதாயிற்று. விதையோடு அதை விதைக்கும் பிள்ளையும் கைவிட்டுப் போவதைக் காணும் தந்தை, பள்ளியைச் சந்தேகித்தால் அவரைப் பிடிவாதக்காரர் என்பது நியாயமா?

இவ்விடத்தில் நாம் சொல்லும் வழக்கமான மறுமொழி ஒன்றுண்டு: "படித்தால் மாதம் இவ்வளவு சம்பளம் கிடைக்கும்." தந்தை கேட்டது வேறு, நாம் சொன்னது வேறு. மகன் போய்விடுவானா என்று அவர் கேட்கின்றார். போனால் எவ்வளவு கிடைக்கும் என்று நாம் சொல்லுகின்றோம். யான் இப்போது கூறுவது இது: "ஆம் கவுண்டரே, போகக்கூடும். போகாமலிருப்பான் என்று உறுதி சொல்ல என்னால் இயலாது. ஆனால் படியாமல் இறங்கிப் போனவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்." இம்மறுமொழியால் எல்லாரும் இசைந்துவிட்டனர் என்று சொல்லேன். ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஆயினும் பேச்சு அதன்பின் உண்மையான பேச்சாக நடக்கின்றது.

முன் கூறிய பிராண்டு தம்பதியரின் மகனார் பால் பிராண்டு 1914 இல் இம்மலையிற் பிறந்தவர். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவஞ் செய்து உலகப் புகழ் பெற்றவர். அவர் தம் பிள்ளைப் பருவத்து நிகழ்ச்சியொன்றை எழுதியுள்ளார். மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயலில் மலைச் சிறுவரோடு அவரும் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தாராம். வரப்பையும் நீரையும் காக்கும் முதியவர் ஒருவர் வந்தார். சிறுவரை அடிக்கவில்லை. கீழ்வயலுக்கு வழிந்தோடும் கலங்கல் நீரினின்று ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டி, அச்சேறு எத்தனை பேருக்குச் சோறாகும் என்பதையும், ஓடிப்போனால் அது மலைக்கு மீளாது என்பதையும் விளக்கினாராம். பெரிய மருத்துவராகிய பின்னும் பால் பிராண்டு அப்பாடத்தை மறக்கவில்லை. எழுத்தறியாத அம்முதியவர் போன்றோர்தாம் இன்று நம்மால் 'பெற்றோர்' என்றும் 'பாட்டனார்' என்றும் பதிவேட்டில் எழுதப்படுபவர். அவர்களை நாம் பள்ளிக்கு அழைப்பது எப்போது? பிள்ளை தவறு செய்தால், பிள்ளை வாராவிட்டால், கையெழுத்து வேண்டியிருந்தால். கைநாட்டு வைக்க அழைக்கப்பட்டவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஒருமுறை, எவ்வளவு அழைத்தும் வாராத ஒரு தந்தையை, "மிளகுக்கொடி கட்டுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், எனக்குத் தெரியாது" என்று சொல்லி அழைத்தேன். அது உண்மையும் ஆகும், எனக்குத் தெரியாது. மறுநாளே வந்தார். முருக்கமரத்தில் கொடியைப் படரவிடும் முறையை ஒரு மணி நேரம் காட்டினார். அவர் மகன் அவ்வகுப்பில் அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை யான் கண்டேன். மகனுடைய வாசிப்புக் குறையைப் பற்றி அவர் அன்று தாமே கேட்டார். யான் அதற்குமுன் மூன்றுமுறை சொல்ல முயன்ற விஷயம் அதுவே.

பெற்றோரின் கடுமைக்கு இன்னொரு காரணத்தை ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியை சாரா லாரன்ஸ் லைட்ஃபுட் அம்மையார் 2003 இல் வெளியிட்ட நூலொன்றில் ஆராய்ந்துள்ளார். ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே அமரும்போது அங்கே இருவர் மட்டும் இல்லை; அவரவர் சிறுபிராயத்துப் பள்ளி நினைவுகளும் ஆவிகள்போல் வந்து உடன் அமர்கின்றன என்பது அவர் கருத்து. அமெரிக்கப் பட்டணத்துப் பெற்றோருக்காக எழுதிய இச்செய்தி நம் மலைக்கும் பொருந்துகின்றது. என் மேசைக்கு முன் நின்ற தகப்பனார், தாம் மூன்றாம் வகுப்பில் எவரோ ஒரு வாத்தியாரிடம் பெற்ற அடியையும் உடன் கொணர்ந்து நின்றிருக்கலாம். அவர் பார்வையில் யானும் அவ்வாத்தியாரும் ஒருவரே. அவ்வடிக்கு யான் பொறுப்பல்லேன். ஆயினும் அதே தொனியில் பேசினால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவனாகின்றேன்.

சில வேளைகளில் பொறுப்பு உண்மையிலேயே நம்முடையதாயிருக்கும். ஒரு தந்தை பள்ளி முற்றத்தில் நின்று உரக்கக் கூவினார். குடித்திருந்தார் என்று எல்லாரும் சொன்னோம், குடித்தும் இருந்தார். ஆனால் அவர் கூவிய செய்தியை யாரும் கேட்கவில்லை. அவர் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் ஒருவிதமாகவும், சாதிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் எழுதியிருந்தனர். மகளின் மேற்படிப்பு உதவித்தொகைக்காக அலுவலகத்திற்குச் சென்றால் பெயர் ஒவ்வாது என்று திருப்பி அனுப்பினர். மூன்றுமுறை மலையிறங்கி ஏறிவிட்டார். மூன்று நாட் கூலியும் பேருந்துச் செலவும் போயின. மலையாளிப் பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் எத்துணை இன்றியமையாதது என்பதை அங்கே பணியாற்றியோர் அறிவர். பதிவேட்டில் அப்பெயரைப் பிழையாக எழுதியவர் எமக்குமுன் இருந்த ஓர் உபாத்தியாயர். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சேர்க்கைக்கு இசைவாக ஒரு தேதியைத் தாமே எழுதிவிடுவதும் நம்மவரிடையே நீண்ட நாள் இருந்த வழக்கம். இரண்டு நொடியில் எழுதிய எழுத்து ஒரு குடும்பத்தை இரண்டு ஆண்டு அலைக்கழிக்கும்.

அன்று அவரை அமரச்செய்து, தண்ணீர் கொடுத்து, நாளைக் காலை வாருங்கள் என்று மட்டும் சொன்னோம். குடித்திருப்பவரோடு வழக்காடுவது வீண். அறிவுரை கூறுவது அதனினும் வீண். மறுநாள் பெரியதாய்க் குளித்து, வெள்ளை வேட்டியுடன் வந்தார். "தவறு எங்களுடையது" என்றேன். அச்சொல்லை ஒரு வாத்தியார் வாயினின்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. திருத்தக் கடிதம் எழுதி, அலுவலகத்திற்கு யானே உடன் சென்றேன். அதற்குப்பின் பள்ளிக்குச் சுற்றுவேலி கட்ட ஆள் வேண்டியபோது ஊரில் முதலில் வந்தவர் அவர். 'தவறு எங்களுடையது' என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று இளைஞர்க்குச் சொல்லிக்கொடுக்கும் தலைமையாசிரியர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் எந்த மதிப்பைக் குறித்து அஞ்சுகின்றனர் என்பது எனக்கு விளங்கியதில்லை.

இவ்வாறு கூறுவதனால் பெற்றோர் சொல்வதற்கெல்லாம் தலையசைக்க வேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. சில பெற்றோர் நமக்கு மிகவும் இனியவராய்த் தோன்றுவர். "கண்ணு ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க வாத்தியாரே" என்று பிள்ளையை நம்மிடம் தள்ளிவிட்டுப் போவோரை நாம் தொல்லைக்காரர் பட்டியலில் எழுதுவதில்லை. எழுதவேண்டும். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துள்ளது. சட்டம் கிடக்கட்டும், தந்தையின் உத்தரவு பெற்று அடித்த பிள்ளைக்கு அதன்பின் ஓடிச்சென்று சொல்ல வீடு ஏது? அவ்வேண்டுகோளை நகைத்து ஏற்பதைவிட, "எனக்கு அது வழக்கமில்லை, நீங்களும் அடிக்கவேண்டா" என்று நேரே மறுப்பது மேல்.

பெண்பிள்ளைகளின் மணம் இதனினும் கடினமான இடம். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தாய்மாமனோடு மணம் பேசியிருக்கின்றனர் என்ற செய்தி தோழியர் வாயிலாகக் கசியும். 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிறையாத பெண்ணின் மணம் குற்றம். 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம். தெரிவிப்பது நம் கடமை. ஆனால் எவ்வாறு தெரிவிப்பது? பேர் சொல்லாமல் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மறுநாள் ஒன்றுமறியாதவர்போல் அத்தந்தையை எதிர்கொள்வோர் உண்டு. பெண்ணுக்கு உடனே ஆபத்து நேரும், அல்லது அவளை எங்கேனும் கொண்டுபோய் மறைப்பர் என்ற ஐயமிருந்தால் அதுவே சரி. பெண்ணின் காப்பே முதன்மை. அவ்வையம் இல்லாவிடத்து, முன்னதாகவே வீடு சென்று, "நீங்கள் நிறுத்தாவிட்டால் நான் தெரிவிக்கவேண்டியவன், மறைவாகச் செய்யமாட்டேன், அதனால் உங்களிடம் முதலிற் சொல்ல வந்தேன்" என்று கூறுவதையே யான் விரும்புகின்றேன். ஒரு வீட்டில் அத்தந்தை என்மேல் மண்வெட்டியை ஓங்கினார். அவர் மனைவியார் குறுக்கே வந்து நின்றார். பேசிய மணம் அவ்வாண்டு நடக்கவில்லை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தாள். அத்தந்தை அதன்பின் என்னைக் கண்டால் முகந் திருப்பிக்கொள்வார். எல்லாப் பிணக்கும் நட்பில் முடியும் என்று எண்ணுவோர்க்காக இதனைக் கூறுகின்றேன். முடியவேண்டுமென்பதும் இல்லை.

சமவெளியிலுள்ள அன்பர்கள், "எங்கள் பெற்றோரை நீர் அறியீர்" என்று கூறக்கூடும். அறிவேன். இம்மலையடிவாரத்து நாமக்கல், இராசிபுரம் வட்டாரங்களில் விடுதிப் பள்ளிகள் மலிந்திருந்த காலத்தில், நிலத்தை அடகுவைத்துப் பிள்ளையைச் சேர்த்த தந்தைமார் ஒரு மதிப்பெண்ணுக்காக ஆசிரியரை உலுக்கியதை யான் கண்டதுண்டு. மலைத் தந்தை பிள்ளையைப் பள்ளியினின்று இழுக்கின்றார்; சமவெளித் தந்தை உள்ளே தள்ளுகின்றார். இழுப்பவரும் தள்ளுபவரும் அஞ்சுவது பிள்ளை தம் கைக்கு எட்டாமற் போவதையே என்றுதான் எனக்குப் படுகின்றது. கடனை நினைத்து உறங்காதவரிடம் மதிப்பெண் முக்கியமன்று என்று உபதேசித்துப் பயனில்லை.

சட்டம் பெற்றோருக்குப் பள்ளியில் ஓர் இருக்கை கொடுத்திருக்கின்றது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டம் நடப்பது வேலை நாளில். மலையில் வேலை நாளென்றால் கூலி நாள். வந்த தாய்மார் பின்வரிசையில் அமர்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டுப் போகின்றனர். தீர்மானம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். சோளக்காட்டுச் சந்தைக்கு வரும் நாளில், சந்தை கலையும் நேரத்தில், மரத்தடியில் அக்கூட்டத்தை நடத்தினால் என்ன என்று யான் ஒருமுறை கேட்டேன். விதி இடந்தராது என்றனர். விதியைப் படித்துப் பார்த்தேன். சந்தையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக்கல்வி இயக்குநராயிருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் தாமே கூடித் தம் பள்ளிக்கு மேசையும் மணியும் கட்டடமும் கொடுத்தனர். கொடுக்க வந்தவர் உரிமையோடு பேசினர். கேட்க மட்டும் அழைக்கப்படுபவர் எவ்வாறு பேசுவர்?

இவ்வளவும் படித்த இளம் உபாத்தியாயர் ஒருவர், "ஐயா, ஐந்து வகுப்பை இருவர் நடத்துகின்றோம், புள்ளிவிவரம் அனுப்பவே பொழுது போதவில்லை, வீடுவீடாகச் செல்ல நேரம் ஏது?" என்று கேட்பார். கேட்பது நியாயம். அதற்கு என்னிடம் முழு விடையில்லை. மேலதிகாரிகள் இப்பணியையும் உபாத்தியாயரின் வேலையாகக் கருதிப் பொழுது ஒதுக்கவேண்டும் என்பதை வலியுறுத்துவேன். நமது கலாசாலையில் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர், பாடக்குறிப்பு எழுதும் நோட்டுப் புத்தகத்தில் தாம் சென்ற வீடுகளுக்கும் சில பக்கம் ஒதுக்கட்டும் என்றும் கேட்டுக்கொள்வேன்.

என் அளவில், அச்சிறுமி பெட்டியோடு சென்ற ஆண்டிற்குப் பின் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வாரத்திற்கு ஒரு வீடு. பள்ளி நடக்கும் ஓர் ஆண்டில் ஏறக்குறைய நாற்பது வீடு. ஆனி மாதத்திலேயே தொடங்கிவிடுவேன். அதற்குள் யாரும் குற்றஞ் செய்திருக்க மாட்டார்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுசெல்வதில்லை. பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தியைச் சொல்லுவேன். இரண்டு வினாக் கேட்பேன். கொடுத்தால் காப்பித்தண்ணீர் குடிப்பேன். சாமை அறுக்கும் வாரத்தில் மட்டும் யார் வீட்டிற்கும் செல்வதில்லை, களத்துமேட்டிற்குச் சென்றுவிடுகின்றேன்.